மெசினுக்கு வைத்த பொட்டு

இந்தக் காலத்து ஆட்களுக்கு மனிதனைக் கண்டால் கழுத்து வளையாது. இரும்பைக் கண்டால் மட்டும் மாலையோடு ஓடுவார்கள். லோரன்ஸுக்கு அதுதான் வயிற்றெரிச்சல். மடுல்கெல்லத் தோட்டத்திலிருந்து வந்து, குண்டசாலைச் சோடாக் கொம்பனியின் வெளிச்சப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தே தலை நரைத்த மனிதர். ஓடிவரும் போத்தல்களுக்குள் தும்பு, தூசி, எறும்பு கிடக்கிறதா என்று பார்ப்பது அவருக்கும் நிஷாந்தினிக்கும் வேலை. ‘சாப்பிட்டீங்களா’ என்று ஒருவன் கேட்டதில்லை. இன்று வந்த மெசினுக்கோ தேங்காய் உடைத்தார்கள், பௌத்தர்களின் பிரித் நூல் கட்டினார்கள், கோயில் தீர்த்தம் தெளித்தார்கள். சோடாவுக்குச் சீனிப்பாணி காய்ச்சும் கணேஸ் சந்தனக் கிண்ணத்தோடு அதைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

போத்தலைத் தானே பார்த்து, பழுதானதை ஒதுக்கித் தட்டும் இந்த மெசின் தேறினால் திங்கட்கிழமை முதல் வெளிச்சப் பெட்டிக்கு ஆள் வேண்டாம். மெனேஜர் அதை ஒளிக்காமல் சொல்லியிருந்தார்.

மெசினைப் பொருத்திப் பூட்டிய அக்குறணை இன்ஜினியர் இல்ஹாம் பொத்தானை அமுக்கினான். முதல் போத்தல் வந்தது. மெசின் தட்டிவிட்டது. அடுத்ததையும் தட்டியது. அதற்குப் பிறகு வந்தது ஒன்றுகூடத் தப்பவில்லை. நல்ல சோடா பெட்டி பெட்டியாக ஒதுங்கியது.

“என்னா தம்பி, ஒங்க மெசினுக்கு எங்க சோடா புடிக்கலயா?” என்றார் லோரன்ஸ்.

“பொறுங்க அங்கிள். கரண்ட் கூடிக் கொறையிது போல ஈக்கி.”

“எனக்கும் அதே கரண்ட்லதான் லைட்டு எரியுது. நான் நல்லதத் தட்டி விட்டேனா?”

நிஷாந்தினி வாயைப் பொத்திக்கொண்டாள். “மெல்லமா பேசுங்க மாமா. இது தேறாமப் போனா அந்தோனியாருக்கு நானே மெழுகுதிரி ஏத்துறேன்.”

இல்ஹாம் மூடியைக் கழற்றினான், பூட்டினான், கொழும்புக்குப் போன் எடுத்தான். மெனேஜரின் முகம் கடுகடுத்தது. “திருப்பி ஏத்திட்டுப் போங்க” என்று அவர் சொல்ல வாயெடுத்த நேரம், பூசையில் பழி விழுந்துவிடுமோ என்று கணேஸ் முன்னுக்கு வந்தான்.

“பூசையில ஒரு கொறையும் இல்லைங்க சேர். நானே நெத்தியில பொட்டு வச்சேன்.”

இல்ஹாம் திரும்பினான். “நெத்தியா? மெசினுக்கு எங்க நெத்தி?”

“அந்தா, முன்னுக்கு வட்டமா கண்ணாடி மினுங்குதுல்ல? காஞ்சு விழாம நல்லாத் தடிப்பா அப்பிவிட்டேன்.”

அது கமெரா. போத்தலைப் பார்க்கும் கண்ணே அதுதான். இல்ஹாம் சட்டைக் கையால் சந்தனத்தைத் துடைத்தான். அடுத்த போத்தல் நேராகப் போனது. பின்னால் வந்த வரிசையும் போனது. நடுவில் ஒன்றை மட்டும் மெசின் தட்டியது. இல்ஹாம் அதை எடுத்து நீட்டினான்.

“பாருங்க அங்கிள், தும்பு.”

லோரன்ஸ் வாங்கிப் பார்த்தார். தும்பு இருக்கத்தான் செய்தது.

“இது நீ போட்டது” என்றார்.

நிஷாந்தினி சிரிக்கவில்லை. “அந்தச் சந்தனத்த ஒங்க வாயில அப்பியிருக்கலாம் கணேஸ் அண்ணே.”

மெனேஜர் தன் அறையிலிருந்து மேசை ஃபேனைக் கொண்டுவரச் சொன்னார். மெசின் சூடாகக் கூடாதாம். இந்தப் புழுக்கத்தில் ஒரு ஃபேன் கேட்டுக் கேட்டு நிஷாந்தினிக்கு வாய் வலித்திருந்தது. ஃபேனை வைக்க உயரமாக ஒன்றும் அகப்படவில்லை.

“அங்கிள், கொஞ்சம் எழும்புறீங்களா?”

லோரன்ஸ் எழும்பினார். அவருடைய கதிரையில் ஃபேனை ஏற்றி, மெசினைப் பார்க்கத் திருப்பிவைத்தார்கள். அது சுழலத் தொடங்கியது.

“சூடு பட்டா வேலை செய்யாதாம். இதெல்லாம் ஒரு வேலையாளா?” என்றார் லோரன்ஸ். முதுகோடு ஒட்டியிருந்த சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, திரும்பிப் பாராமல் கேற்றை நோக்கி நடந்தார்.