நம்பர் போட்ட புளியமரம்

என் வீட்டுக்காரர் அப்துல் சுபானுக்கு இல்லை என்ற வார்த்தை வாயில் வராது. தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இலவம்பஞ்சு மெத்தைக் கடை வைத்திருக்கிறார். கடை வாசலில் நின்று யாராவது கழுத்து வலிக்கிறது என்று சொன்னால் போதும், ஒரு தலையணை கைமாறிவிடும். "எடுத்துக்கோ" என்பார். கொண்டுபோனவர் திரும்பி வந்து உறை கேட்டால் அதையும் எடுத்துக்கொள்ளச் சொல்வார். ஊரே அவரைத் தங்கமான மனுஷர் என்கிறது. அந்தத் தங்கத்தோடு குடும்பம் நடத்துகிறவள் நான். என்னிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. என் வாய் அப்படி.

நான் சுல்தானா. ஜாக்கெட் தைக்கிறேன். பெருமைக்குச் சொல்லவில்லை, பாலக்கோட்டிலிருந்து தக்காளி மண்டிக்காரர்கள் வீட்டுப் பெண்கள் பஸ் ஏறி வந்து என்னிடம் அளவு கொடுக்கிறார்கள். வாடகை வீட்டில் கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே என் தையல் மெஷின் கிடக்கிறது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு இவர் அந்தக் கட்டிலில் குறட்டை விடுவார். அளவு கொடுக்க வந்தவர்கள் இவர் எழுந்து போகும்வரை சமையலறையில் என்னோடு உட்கார்ந்து பூண்டு உரிப்பார்கள். எங்கள் வீட்டுக் குழம்பில் பாதி என் வாடிக்கையாளர்கள் உரித்த பூண்டுதான்.

அதனால் சொந்த வீடு கட்ட பிளான் போட்டபோது தையலுக்கென்று ஓர் அறை மேல்தான் என் கண். இன்ஜினியர் வீரமணி காகிதத்தை விரித்தார். நடுவில் பெரிய ஹால். அது இவருடைய கனவு. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து சிநேகிதர்கள் எல்லாரும் வந்து சாய்ந்து உட்கார வேண்டும் என்று இப்போதே பட்டுத் துணியில் திண்டுகள் தைத்து வைத்திருக்கிறார், அதுவும் தன் கையால். ஹால், படுக்கையறை, சமையலறை எல்லாம் போக ரோட்டைப் பார்த்த மூலையில் ஒரு சின்ன அறை மிஞ்சியது. "இது எனக்கு" என்று சொல்லிவிட்டேன். யாரும் மறுக்கவில்லை. மிஞ்சியதற்கு யார் சண்டை போடுவார்கள்?

ஆனால் அந்த மூலையில் ஒரு புளியமரம் நின்றது. காகிதத்தில் இல்லை, மண்ணில் நின்றது. ஓரமாகக்கூட இல்லை. சரியாக என் மெஷின் வரவேண்டிய இடத்தில், காலை அகட்டி வைத்துக்கொண்டு, நான்தான் முதலில் வந்தேன் என்கிற மாதிரி நின்றது.

"முன்ன மாதிரி டவுனுக்குள்ள இஷ்டத்துக்கு வெட்ட முடியாதுங்க மேடம்" என்றார் வீரமணி. "வூடு கட்டற இடத்துல மரம் இருந்தா மனு குடுக்கணும். ஆள் வந்து பாப்பாங்க. அப்புறந்தான் எதுவும்."

மனு கொடுத்தோம். நானும் காத்திருந்தேன். தினமும் மனைக்குப் போய் மரத்தைப் பார்த்து முறைத்துவிட்டு வருவேன். வேறெங்காவது நின்றிருந்தால் அதன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது.

ஒரு நாள் சாயங்காலம் இவர் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"சுல்தானா! மரத்துக்கு நம்பர் போட்டுட்டாங்க!"

போய்ப் பார்த்தேன். அடிமரத்தைச் சுற்றி வெள்ளைப் பட்டை. பட்டையின் மேல் சிவப்பு பெயின்டில் நம்பர். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நெடுஞ்சாலையை அகலப்படுத்தியபோது ரோட்டோரத்துப் புளியமரங்களுக்கெல்லாம் இப்படித்தான் பட்டை அடித்து நம்பர் போட்டார்கள். நம்பர் விழுந்த மரம் கொஞ்ச நாளில் லாரி ஏறிவிடும். பஸ்ஸில் போகும்போது வரிசையாகப் பார்த்துப் பழகிய கண்கள் எங்களுடையவை. நம்பர் என்றால் முடிந்தது.

அன்றைக்கு ரவா கேசரி கிண்டினேன். முந்திரியில் கஞ்சத்தனம் பண்ணவில்லை.

கேசரி ஆறுவதற்குள் இவர் மரத்தைப் பங்கு போட்டு முடித்துவிட்டார். கறிக்கடை ஆசிம் இவருடைய சின்ன வயதுக் கூட்டாளி. கறி வெட்டும் கட்டைக்குப் புளியமரத்தை அடித்துக்கொள்ள வேறு மரம் கிடையாது, எத்தனை வெட்டு விழுந்தாலும் தூள் பறக்காது. ஆசிம் கேட்டான், அடிமரம் அவனுக்கு. டீக்கடை முருகன் விறகு கேட்டான், கிளையெல்லாம் அவனுக்கு. நான் கத்தினேன்.

"இன்னும் மரமே கீழ வுழல. அதுக்குள்ள ஊருக்கெல்லாம் வாரி வுட்டுட்டீங்களா?"

"கேட்டாங்களே சுல்தானா" என்றார், ஏதோ அது பெரிய பதில் மாதிரி.

செவ்வாய்க்கிழமை கறிக்கடையில் கூட்டம் இருக்காது என்பதால் அன்றைக்கே நாள் குறித்தார்கள். காலையில் மனைக்குப் போனால் சந்தை மாதிரி இருந்தது. மரம் அறுக்கும் மாயவன் வத்தல்மலை அடிவாரத்திலிருந்து மெஷினும் கயிறுமாக வந்திருந்தார். ஆசிம் மினி லாரியோடு நின்றான். முருகன் டீக்கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு டிரம்மில் டீயோடு வந்திருந்தான். இவர் நடுவில் நின்று எல்லாருக்கும் கப்பில் டீ ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். கல்யாண வீட்டில்கூட இவர் இவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

மாயவன் கயிற்றை மேல் கிளைக்கு வீசிக் கட்டினார். மெஷினை இழுத்து ஸ்டார்ட் பண்ணினார். அது இரண்டு முறை இருமிவிட்டு உறுமத் தொடங்கிய நேரம் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. காக்கிப் பையோடு ஒரு பெண் இறங்கினார். மெஷினைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், ஓடிவந்து மரத்துக்கும் மாயவனுக்கும் நடுவில் நின்றுகொண்டார்.

"நிறுத்துங்க! என்ன பண்றீங்க?"

மாயவன் மெஷினை அணைத்தார். "நம்பர் போட்டிருக்குங்களே" என்றார்.

"போட்டதே நாந்தாங்க! இந்த மரத்த வெட்டக்கூடாதுன்னு போட்ட நம்பருங்க அது!"

முருகனின் டிரம் குழாயிலிருந்து டீ மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது.

அவர் பெயர் கலைமணி. ஊருக்குள் மரங்களைக் கணக்கெடுத்துக் காப்பாற்றும் வேலையில் இருக்கிறவர். நல்ல மரம், வயசான மரம், கட்டடத்துக்காக எடுக்கக் கூடாது என்று முடிவாகி நம்பர் போட்டாராம். மரத்தைச் சுற்றி வேலி போட்டாச்சா என்று பார்க்க வந்தாராம். வந்த இடத்தில் மரத்துக்கே சங்கு ஊதிக்கொண்டிருந்தோம்.

"உங்க இன்ஜினியர்கிட்ட போன்லயே சொல்லிட்டனே" என்றார்.

இவர் வீரமணிக்குப் போன் போட்டார். வீரமணி பக்கத்துத் தெருவில்தான் வேலையாக இருந்தார், தலைக்கவசத்தோடு ஓடிவந்தார்.

"பாய்கிட்ட நான் சொன்னனே. மரத்துக்கு நம்பர் போட்டாச்சு பாய்னு சொன்னேன். ஆஹா, ரொம்ப சந்தோஷம்னு சொன்னாரு. மரத்து மேல இவ்வளவு பாசமான்னு எனக்கே கண்ணு கலங்கிப் போச்சுங்க."

ஆசிம் மினி லாரி மேல் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். மாயவனும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் கலைமணியின் முன்னால் போய் நின்றேன்.

"ஏங்க, எங்க இடம், எங்க மரம். நட்டது யாருன்னே தெரியாது. அத வெட்டக்கூடாதுன்னு நீங்க எப்படிச் சொல்லலாம்?"

"அக்கா, உங்க மரந்தான். ஆனா இதோட நெழல்ல இந்தத் தெருவே நிக்குது பாருங்க."

திரும்பிப் பார்த்தேன். தெருவில் இருந்த பைக்குகள் எல்லாம் எங்கள் மரத்தின் நிழலில்தான் நின்றன. எதிர்வீட்டுக்காரி துணிக்கூடையோடு அதே நிழலில் நின்று எங்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கோபம்தான் கூடியது.

கலைமணி வீரமணியிடம் சுண்ணாம்புத் தூளை வாங்கி மரத்தைச் சுற்றிப் பெரிய வட்டம் போட்டார். வட்டத்துக்குள் கடைக்கால் தோண்டக் கூடாது, வேர் அறுபடும். சிமென்ட் மூட்டை, ஜல்லி எதுவும் கொட்டக் கூடாது. வேலை முடியும்வரை சுற்றி வேலி இருக்க வேண்டும். வீரமணி தரையில் கோடு போட்டுக் குறித்திருந்த என் அறையை வட்டம் முழுசாக விழுங்கியது. ஹாலை மட்டும் தொடவில்லை, அதன் கோட்டோரம் வந்து நின்றுவிட்டது.

வீரமணி முகம் மலர்ந்தது. "பெரிய பிரச்சனை இல்லீங்க பாய். முன்னாடி இருக்கற சின்ன ரூம மட்டும் எடுத்துட்டாப் போதும். மத்ததெல்லாம் அப்படியே இருக்கும்."

எவ்வளவு சுலபமாகச் சொன்னார்! தையல் பிரிக்கிற ஊசியால் குத்தின மாதிரி இருந்தது. இந்த அறைக்காகத்தான் நான் வாடகை வீட்டுக் கட்டில் மூலையில் கூன் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாலக்கோட்டுப் பெண்களிடமெல்லாம் அடுத்த தீபாவளிக்கு என் கடைக்கு வாங்கடி என்று சொல்லியிருந்தேன்.

"மாடியில கட்டித் தரேன் சுல்தானா" என்றார் இவர்.

"மாடி எழும்பறதுக்குள்ள எனக்கு ஊசியில நூல் கோக்கக் கண்ணு தெரியாதுங்க. முட்டி வலிக்காரங்க படி ஏறி வந்து அளவு குடுப்பாங்களா?"

அதற்குள் ஆசிம் பக்கத்தில் வந்து இவர் கையை இழுத்தான். "அப்போ என் கட்டை?"

"பாலக்கோட்டுல மரக்கடைக்காரன் ஒருத்தன் இருக்கான். புளியங்கட்டை நல்லதா வாங்கித் தரேன்டா, எடுத்துக்கோ."

முருகன் தலையைச் சொறிந்தான். "வெறகு, பாய்?"

"கடையில பழைய பலகை கெடக்குது. எல்லாத்தையும் எடுத்துக்கோ."

மாயவன் மெஷினைத் துடைத்துக்கொண்டே எங்கோ பார்த்தபடி சொன்னார். "மெஷினத் தூக்கித் தூக்கி எனக்கும் இடுப்பு வலிங்க பாய்."

"ஒரு மெத்தை எடுத்துக்கோங்க."

கலைமணி சிரித்துவிட்டார். "எனக்கு வேலி மட்டும் போதுங்க."

"இன்னிக்கே போட்டுடறேம்மா."

நான் பார்த்துக்கொண்டே நின்றேன். வழக்கமாக இந்த இடத்தில் என் வாய் திறந்துகொள்ளும். அன்றைக்குத் திறக்கவில்லை. வேறொன்று தோன்றியது. இந்த மனுஷரிடம் கேட்டவர் யாரும் வெறுங்கையோடு போனதில்லை. இத்தனை வருஷமாக நான் இவரைத் திட்டியிருக்கிறேன், தடுத்திருக்கிறேன், கொடுத்ததைத் திரும்ப வாங்கி வர அனுப்பியிருக்கிறேன். ஆனால் எனக்கென்று ஒன்று கேட்டதில்லை. மிஞ்சியதைத்தான் எடுத்துக்கொண்டேன். இப்போது அந்த மிச்சமும் இல்லை.

கேட்பவர்கள் வரிசையில் அடுத்த ஆளாக மாயவனுக்குப் பின்னால் போய் நின்றேன்.

"என்னாங்க, எனக்கு ஹால் வேணும்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "எந்த ஹால்?" என்றார் இவர்.

"நம்ம வூட்ல எத்தன ஹால் இருக்குது? அதுதான். ரோட்டப் பாத்த பக்கம் கதவு வச்சு, மெஷின் போட்டு, நான் கடை வைக்கணும்."

ஆசிம் சிரிக்க ஆரம்பித்து, இவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். இவர் தரையில் போட்டிருந்த ஹாலின் சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்தார். அந்த மூலையில் யார் உட்கார வேண்டும், இந்தச் சுவரில் எது சாய வேண்டும் என்று எத்தனை வெள்ளிக்கிழமை எனக்கு நடந்து காட்டியிருக்கிறார். எனக்கே பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் கேட்டதை நான் திரும்ப வாங்கவில்லை.

"அந்தத் திண்டெல்லாம்?" என்றார் மெதுவாக.

"பாயப் போட்டு மரத்தடியில வச்சுக்கோங்க. காத்து வரும்."

இவர் கலைமணியைப் பார்த்தார். "போடலாங்களா?"

"தாராளமாங்க. சிமென்ட்டுதான் கூடாது, சிநேகிதங்க வரலாம்."

ஆசிம் பொறுக்க மாட்டாமல் கத்தினான். "டேய் சுபான், ஹாலுக்குள்ள அடஞ்சு உக்காரறதுக்கு இங்க எவ்வளவோ மேல்டா! பாபிக்குக் குட்றா!"

இவர் மரத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு, தலையணையும் பலகையும் கொடுக்கிற அதே குரலில், "எடுத்துக்கோ சுல்தானா" என்றார்.

அவ்வளவுதான். அதே ஒற்றை வார்த்தை. ஊரெல்லாம் கேட்டு வாங்கிப்போன வார்த்தை.

"இத ஏன் இத்தன நாளா நீ கேக்கவே இல்ல?" என்றார்.

கண்ணில் தண்ணீர் முட்டியது. கலைமணி திரும்பிக்கொண்டு வேலிக்கு எத்தனை கம்பு வேண்டும் என்று மாயவனிடம் பேச ஆரம்பித்தார். நல்ல மனுஷி.

இவர் வீரமணியின் கையிலிருந்த சுண்ணாம்புப் பொட்டலத்தை வாங்கினார். ஹாலின் ரோட்டுப் பக்கத்துக் கோட்டைக் காலால் அழித்தார். அதில் நன்றாக அகலமாக ஒரு வாசல் போட்டார்.

"இங்க கதவு வைங்க வீரமணி. பெருசா இருக்கட்டும். பொம்பளைங்க பஸ்ஸ வுட்டு எறங்கிக் கூட்டமா வருவாங்க. உள்ள ஒரு பக்கம் தெரை போட எடம் வுடுங்க, நின்னு அளவு குடுக்கணும்."

வாய் ஓயாமல் கதை பேசுகிற மனுஷர் இதையெல்லாம் எப்போது கவனித்தார் என்று எனக்குத் தெரியவில்லை. நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். ஒரு முறை கேட்டுப் பார்த்தாகிவிட்டது, அப்புறம் என்ன?

"அப்படியே ஆளுயரத்துக்கு ஒரு நெலக்கண்ணாடியும் வேணுங்க" என்றேன்.