விசிறியில் ஒட்டியிருந்த பெயர்

"கம்ப்யூட்டர் செத்துப்போச்சாப்பா, இல்ல அதுக்குக் கண்ணுதான் தெரியலையா?" என்று என் மகள் லியூபா ஆறு வயதில் ஒருநாள் கேட்டாள். திரை கறுத்திருந்தாலும் உள்ளே விசிறி சுற்றுவது அவளுக்குக் கேட்டிருக்கிறது. "கண்ணுதாம்மா தெரியல," என்றேன். அந்தக் கேள்வி எனக்கும் பொருந்தும் என்று அப்போது தெரியாது.

கமாகுவே நகரில் எங்கள் தெருவுக்குப் பதினோரு வருடமாக நான்தான் கம்ப்யூட்டர் பழுது பார்த்தேன். பிறகு எதிர்வீட்டுக்கு லியோஸ்வானி குடிவந்தான். ஒரே வருடத்தில் என்னிடம் வந்தவர்களெல்லாம் அவன் வாசலில் நின்றார்கள். காலையில் ஒவ்வொருவராக வந்து "கடைசி யாரு?" என்று கேட்டு வரிசை பிடிப்பது என் ஜன்னலுக்குள் வந்து குத்தும். ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில் அண்டை வீட்டாருக்காக வேண்டும்போது அவன் பெயரை மட்டும் வேகமாகத் தாண்டிவிடுவேன்.

எங்கள் தெருவில் யார் வீட்டிலும் இணையம் கிடையாது. தொடர், பாட்டு, மென்பொருள் எல்லாம் வாரம் ஒரு ஹார்ட் டிஸ்கில் ஏறி வீடு வீடாக வரும். லியோஸ்வானியிடமிருந்து எனக்கு வரும். நகல் எடுத்துக்கொண்டு அவனிடமே திருப்பித் தருவேன். அதில் 'எல்லோருக்கும்' என்று அவன் ஒரு ஃபோல்டர் வைத்திருப்பான். அவன் வைத்தது என்பதற்காகவே நான் அதைத் திறந்ததில்லை.

ஒரு வியாழக்கிழமை, தெருமுனை நொயெமி தன் கம்ப்யூட்டரைப் பழைய குழந்தை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"உன் வீட்ல கடைசி யாருன்னு கேக்கவே வேண்டியதில்ல, ஓனெலியோ. அது ஒரு நிம்மதி."

"கிண்டலை வாசல்லயே விட்டுட்டு உள்ள வா. என்னாச்சு?"

"திரையில எல்லாம் பொரிச்ச வாழைக்கா வில்லை கணக்கா பெருசு பெருசா தெரிஞ்சுது. லியோஸ்வானிகிட்ட குடுத்தேன். இப்ப அதுவும் போயி ஒரே இருட்டு. மூணு நாளா முழிக்கிறான். ரொட்டி வரிசையில எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், அவன் வெறும் வெத்துவேட்டுன்னு."

எனக்குக் கரும்புச்சாறு குடித்ததுபோல் இருந்தது. அவளை என் மனைவியிடம் காபி குடிக்க அனுப்பிவிட்டு மூடியைக் கழற்றினேன்.

திரைக்குப் படம் அனுப்பும் கார்டின் விசிறியில் ஒரு ஸ்டிக்கர். அதில் பேனாவால் எழுதிய மாடல் எண். கையெழுத்து என்னுடையது.

நினைவு வந்தது. நான்கு வருடத்துக்கு முன் இந்தக் கார்டின் விசிறி எரிந்துபோனது. செத்துப்போன வேறொரு கார்டின் விசிறியைப் பிடுங்கி இதில் மாட்டினேன். மூன்று பிணத்தைச் சேர்த்து ஒன்றுக்கு உயிர் கொடுப்பதுதான் எங்கள் ஊர்த் தொழில். ஸ்டிக்கரை மட்டும் கிழிக்க மறந்துவிட்டேன். லியோஸ்வானி அதை நம்பி, செத்த கார்டின் டிரைவரை இதில் ஏற்றியிருக்கிறான். கார்டோடு கணினி பேசுவதற்கான சின்ன மென்பொருள் அது. அடுத்தவர் கண்ணாடியை மாட்டினால் கண்ணுக்கு என்ன தெரியும்?

கட்டைவிரலால் ஒரு தேய்ப்பு. எண் அழிந்துவிடும். மிச்சத்தை நொயெமியின் வாய் பார்த்துக்கொள்ளும். விரலை ஸ்டிக்கர்மேல் வைத்தேன், வெகுநேரம் வைத்திருந்தேன்.

தேய்க்காமல் விரலை எடுத்துவிட்டு, டிரைவர் இல்லாமலே மங்கலாகவாவது படம் காட்டும் சேஃப் மோடில் கணினியைத் திறந்தேன். கார்டின் உண்மையான எண் தெரிந்தது. அதற்கான டிரைவர் என்னிடம் இல்லை. எல்லா இடத்திலும் தேடி அலுத்து, கடைசியில் அந்த வார டிஸ்கில் லியோஸ்வானியின் 'எல்லோருக்கும்' ஃபோல்டரைத் திறந்தேன். நூற்றுக்கணக்கான டிரைவர்கள், எண் வாரியாக. எனக்கு வேண்டியதும் இருந்தது. மேலே ஒரு குறிப்பு: 'வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம். சொல்லக்கூட வேண்டாம்.'

ஒரு வருடமாக இது என் வீட்டுக்கு வந்து வந்து திரும்பியிருக்கிறது.

படம் தெளிவாக வந்ததும் நொயெமியைக் கூப்பிட்டேன். "தப்பு அவன்மேல இல்ல. நான் தப்பான ஸ்டிக்கரோட விட்டுட்டேன். அவன் அதை நம்பிட்டான்."

"அப்போ வெத்துவேட்டு நீதானா?"

"ஆமா. ரொட்டி வரிசையில அதையும் சொல்லிடு."

"சொல்லாம இருந்தா எனக்குத் தூக்கம் வருமா?" என்று சொல்லி வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள்.

பழைய கார்டுகளின் டிரைவர்களை இத்தனை வருடமாகச் சேர்த்து வைத்திருந்தேன். வேறு யாரிடமும் கிடைக்காதவை, யாருக்கும் காட்டாதவை. எல்லாவற்றையும் அவனுடைய ஃபோல்டருக்குள் நகலெடுத்தேன். பெயர் எழுதவில்லை.

சாயங்காலம் டிஸ்கை வழக்கம்போல் அவன் வாசல் கொக்கியில், துணிப்பையில் போட்டு மாட்டினேன். உள்ளே அவன் எனக்கு முதுகைக் காட்டி யாருடைய கம்ப்யூட்டர்மீதோ குனிந்திருந்தான். நான் கதவைத் தட்டவில்லை.