பதினாறாம் நம்பர்

அணி மேலாளருக்குப் பையன்கள் வைத்திருந்த பெயர் கோட்டு. அனல் வீசும் அரங்கத்திலும் அந்த நீலக் கோட்டை அவர் கழற்றியதில்லை. சம்மேளனச் செயலாளரின் மைத்துனர் என்பதைத் தவிர, தேசிய வாலிபால் அணியோடு வெளிநாட்டுக்கு வர அவருக்கு வேறு தகுதி கிடையாது. முதல் நாள் பயிற்சியிலேயே அது தெரிந்துவிட்டது.

“ஏங்க, ஒருத்தன் மட்டும் வேற கலர் சட்டை போட்டிருக்கானே, துணி துவைக்கப் போட்ட இடத்துல மாறிப் போச்சா?”

பின்னால் நின்று பந்து எடுப்பவன் வேறு நிறத்தில்தான் ஆட வேண்டும் என்பது விதி. துணைப் பயிற்சியாளர் பல்லைக் கடித்துக்கொண்டார். பதினோரு வருஷம் நாட்டுக்காக எகிறிக் குதித்து முழங்கால் தேய்ந்தவர் அவர். தலைமைப் பயிற்சியாளரும் அவருக்கு ஒரு பொருட்டில்லை. செயலாளர் போனில் கூப்பிட்டால் எழுந்து நின்று பேசுகிற ஆளை எப்படி மதிப்பது?

நான்காவது ஆட்டம். ஜெயித்தால் அடுத்த சுற்று, தோற்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். பதினாறு பேரில் அன்றைக்கு ஆடப்போகிற பதினான்கு பேரின் பட்டியலைக் கோட்டு எழுதி வைத்திருந்தார். பயிற்சியாளரும் கேப்டனும் கையெழுத்துப் போட்டுவிட்டால் ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாது.

உடை மாற்றும் அறையின் மேஜைமேல் கிடந்த அந்தத் தாளைத் துணைப் பயிற்சியாளர் எட்டிப் பார்த்தார். ஆறாம் நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் பதினாறு இருந்தது. ஆறு, பந்து தூக்கிக் கொடுக்கும் செட்டர். அணியின் மூளையே அவன்தான். பதினாறு, கணுக்கால் சுளுக்கி மூன்று நாளாகக் கட்டுப் போட்டிருப்பவன்.

‘எண்கூட எழுதத் தெரியாத ஜென்மம்’ என்று நினைத்தார். சொல்ல வாயெடுத்தவர் மூடிக்கொண்டார். தலைமைப் பயிற்சியாளர் கையெழுத்துப் போடும்போது பார்க்கட்டும், பத்துப் பேர் முன்னால் இந்தக் கோட்டு அசடு வழியட்டும் என்று, ஷூ கயிற்றைக் கட்டுவதுபோலக் குனிந்துகொண்டார்.

தலைமை போனைக் காதில் வைத்தபடியே கையெழுத்துப் போட்டார். கேப்டன் தாளைப் பார்க்கவேயில்லை. தாள் நடுவர் மேஜைக்குப் போய்விட்டது.

செட்டர் களத்தில் இறங்கியபோது நடுவர் கையைக் காட்டி நிறுத்தினார். தலைமை கெஞ்சினார், கோட்டு இரண்டு கையையும் கூப்பினார், ஒன்றும் நடக்கவில்லை. பையன் டிராக் சூட்டை மாட்டிக்கொண்டு பார்வையாளர்களோடு போய் உட்கார்ந்தான். மாற்றுச் செட்டர் தூக்கிக் கொடுத்த பந்துகள் வலையிலேயே மோதி விழுந்தன. மூன்று செட்டும் போயின.

ஹோட்டலுக்குத் திரும்பும் பஸ்ஸில் கோட்டு எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“தம்பிங்களா, எனக்கு இந்த விளையாட்டு தெரியாது. மச்சான் கூப்பிட்டாரு, ஊர் பாக்கலாம்னு வந்துட்டேன். நம்பரைத் தப்பா எழுதினது நான்தான். மன்னிச்சிடுங்கப்பா.”

‘நாடகம்’ என்று துணைப் பயிற்சியாளர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பக்கத்து இருக்கையில் செட்டர் வந்து உட்கார்ந்தான்.

“அண்ணே, அந்தத் தாள் உங்க கண்ணுல பட்டிருந்தா இப்படி ஆயிருக்காதுல்ல?”

“நான் பாக்கலடா.”

“அதான் நானும் சொன்னேன். நீங்க பாத்தும் சொல்லலைன்னு கேப்டன் சந்தேகப்படுறான். செருப்பால அடிப்பேன்னுட்டேன்.”

முன்னாலிருந்து கோட்டு திரும்பினார். “அவரை எதுக்குப்பா இழுக்குறீங்க? எழுதினவன் நான்.”

அந்த ஆள் தனக்காகப் பரிந்து பேசியதைத்தான் துணைப் பயிற்சியாளரால் தாங்க முடியவில்லை. ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று பையனைப் பார்த்தார். அவன் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். இவரும் கண்ணை மூடிக்கொண்டார்.

ஊர் திரும்பியதும் விசாரணை நடந்தது. தப்பு என்னுடையதுதான் என்று எழுதிக்கொடுத்துவிட்டுக் கோட்டு விலகிக்கொண்டார். துணைப் பயிற்சியாளர், “எனக்கு எதுவும் தெரியாது” என்று ஒரே வரி எழுதிக்கொடுத்தார். அடுத்த மாதமே அவரைத் தலைமைப் பயிற்சியாளராக்கினார்கள். செயலாளர் போனில் வாழ்த்துச் சொன்னார். இவர் எழுந்து நின்றுதான் பேசினார்.