தொப்பிக்குள் செவ்வந்தி

விடிய ஐந்து மணிக்கே மூன்றாம் அறையில் ஊதா வெளிச்சம் எரிந்துகொண்டிருந்தது. ஸ்கந்தபுரத்துச் சேவல்கள் கூவுவது அந்தத் தகரச் சுவரைத் தாண்டி வராது. உள்ளே விசிறிகளின் இரைச்சல்தான். ராக்காயி முதுகை வளைத்து, ஏழாம் வரிசைச் செடியொன்றின் இலையைப் புரட்டி, ஈரத்துணியால் அதன் அடிப்பக்கத்தைத் துடைத்தாள். ஓர் இலைக்கு ஏழு விரல். ஒவ்வொரு விரலையும் தனித்தனியாகத் துடைக்கவேண்டும். ஒரு செடியை முடித்து நிமிர இடுப்பு மறுக்கும். துணியை விரித்துப் பார்த்தாள். மிளகாய்த்தூள் சிந்தியதுபோல் சிவப்புப் பொட்டுகள். பார்த்துக்கொண்டிருக்கவே அவை நடந்தன.

செம்பேன். இலையின் கீழே ஒளித்திருந்து சாற்றை உறிஞ்சும் சாதி. மேலே பார்த்தால் இலை வெளிறி, உப்புத் தூவியதுபோல் புள்ளி விழுந்திருக்கும். கவனியாமல் விட்டால் நாலைந்து நாளில் நுனியெல்லாம் நூல் கட்டி வலையாகிவிடும். வலை கட்டிய செடிக்கு வைத்தியம் இல்லை. கறுப்புப் பையில் போட்டு வாயைக் கட்டி, வெளியே கொண்டுபோய் எரிக்கவேண்டியதுதான். எரிக்கும்போது பொலிஸ்காரர் ஒருவர் வந்து, கடைசித் தண்டு சாம்பலாகும்வரை கைகட்டி நிற்பார்.

ஏனென்றால் அது கஞ்சாச் செடி. முகத்தைச் சுளிக்காதீர்கள், பிள்ளைகளே. அரசாங்கம் அனுமதி கொடுத்து, வெளிநாட்டுக் கொம்பனி ஒன்று காசு போட்டு, தீராத வருத்தக்காரரின் நோவுக்கு மருந்து செய்யவென்று கப்பலில் ஏற்றும் பயிர். அதை நட்டு, கிள்ளி, தடவி வளர்ப்பது சுற்றுவட்டாரத்துப் பெண்கள் நாற்பது பேர். கொம்பனி வான் ஓட்டுகிற யோகநாதன் பின்னேரம் அவர்களை ஏற்றும்போது, "அக்காமார், கையை நல்லாக் கழுவிப்போட்டு ஏறுங்கோ. உங்கட மணத்தில எனக்கு மல்லாவி ரோட்டு ரெண்டாத் தெரியுது" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். ராக்காயி மட்டும் கொஞ்ச நாளாகச் சிரிப்பதில்லை.

ஏழாம் வரிசையை அவளுக்கு யாரும் ஒதுக்கவில்லை. ஆனாலும் எல்லோருக்கும் முன்னே வந்து அதில்தான் நிற்பாள்.

"ராக்காயியக்கா, உது என்ர வரிசையல்லோ? எனக்கும் கொஞ்சம் பேன் மிச்சம் விடுங்கோ," என்றபடி ராஜினி பின்னால் வந்தாள்.

"நீ களைச்சுப்போய் இருக்கிறாய் புள்ள. நான் பாக்கிறன்."

கைக்குழந்தையாக ராக்காயியைத் தூக்கிக்கொண்டு பெற்றோர் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கலவரத்துக்குத் தப்பி வன்னிக்கு ஓடிவந்து ஐம்பது வருடம் ஆகப்போகிறது. பேச்செல்லாம் வன்னிப் பேச்சாகிவிட்டது. அந்தப் 'புள்ள' மட்டும் போகவில்லை. ராஜினி அவள் தோளைத் தட்டிவிட்டு அடுத்த வரிசைக்குப் போனாள். தட்டிய இடம் சுட்டது.

விஷயம் இதுதான். வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குப் போய் இரவிரவாகக் கோயிலில் நின்ற ராக்காயி, விடியற்புற பஸ்ஸில் ஏறி நேரே வேலைக்கு வந்தாள். கோயிலில் கிடைத்த செவ்வந்திப் பூ ஒன்று சேலைத் தலைப்பில் முடிந்திருந்தது. பூவோடு அறைக்குள் போகக்கூடாது, பூவில் பூச்சி வரும் என்று சொல்லித்தான் அவர்களை வேலைக்கு எடுத்தார்கள். ஆனால் அம்மனின் பூவைக் குப்பைத்தொட்டியில் போட எந்தக் கைக்கு மனம் வரும்? செருப்புக் கழற்றும் இடத்தில் வைத்தால் கால் படாதா? குளித்து உடுப்பு மாற்றுவதற்கென்று கட்டிய அறை ஒன்று இருந்தது. அதில் கொம்பனியின் பெட்டிகளை அடுக்கிப் பூட்டியிருந்தார்கள். ராக்காயி சுற்றுமுற்றும் பார்த்தாள். பூவைக் கொண்டைக்குள் செருகி, மேலே வெள்ளைத் தொப்பியை இழுத்துவிட்டாள். இந்த வேலை நிலைக்கவேணும் தாயே என்று கேட்டு வாங்கி வந்த பூ அது.

அன்று முழுதும் ஏழாம் வரிசையில்தான் குனிந்து நின்றாள். பின்னேரம் தொப்பியைக் கழற்றியபோது பூ நசிந்து கிடந்தது. இதழில் பாதியைக் காணவில்லை.

பன்னிரண்டு நாள் கழித்து முதல் வெளிறலைக் கண்டவள் ராஜினி. ஒளிக்காமல் ஓடிப்போய்ச் சொன்னாள். மனேச்சர் கதிர்காமநாதன் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, "ஆரின்ர வீட்டில தோட்டம் இருக்கு?" என்று கேட்டார்.

"ஓம் ஐயா, எனக்கு ஒரு பாத்தி கத்தரி இருக்குது," என்றாள் ராஜினி. வேறு யாரும் வாய் திறக்கவில்லை.

"அப்ப உம்மட கத்தரியில இருந்துதான் வந்திருக்கு."

மூன்று முழத் தூரத்தில் நின்ற ராக்காயியின் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அன்று ஒட்டியது இன்னும் கழலவில்லை. துணி மட்டும் ஓயாமல் துடைத்தது.

விடிய ஐந்து மணிக்கே துடைக்கத் தொடங்கிய அந்தப் புதன்கிழமை, காலை ஒன்பது மணிக்கு மனேச்சர் கைலேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டு மூன்றாம் அறைக்குள் வந்தார். செம்பேனைத் தின்னும் நல்ல பேன் என்று ஒரு சாதி உண்டு. சின்னக் கடதாசிப் பைகளில் விமானத்தில் வரும். செடிக்கொன்றாகத் தொங்கவிட்டால் மருந்தே வேண்டியதில்லை. வந்த பைகள் மூன்று நாள் மனேச்சர் மேசை போட்டிருக்கும் கந்தோரின் யன்னலோரம் வெயிலில் கிடந்தன. பெண்கள் திறந்து பார்த்தபோது உள்ளே எல்லாம் செத்து, தவிட்டுத் தூளாய்க் கொட்டுப்பட்டது. அதற்காக யாரையும் வரிசையில் நிறுத்திக் கேட்கவில்லை.

"சனிக்கிழமை வெளிநாட்டுக்காரர் வருகினம்," என்றார் மனேச்சர். "அதுக்குள்ள ஒரு பேன் இருக்கக்கூடாது. மருந்து அடிக்கிறம். ஃபான் எல்லாத்தையும் நிப்பாட்டுங்கோ, மருந்து வெளியில போகக்கூடாது."

கிருசாந்தி மருந்துப் போத்தலைத் திருப்பிப் பார்த்தாள். அவள் உயர்தரம் வரை படித்தவள். "ஐயா, அடிச்சுப் பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு உள்ளுக்குப் போகக்கூடாதெண்டு இதில கிடக்குது. மாஸ்க்கும் போடவேணுமாம்."

"உம்மை வாசிக்கவோ வேலைக்கு எடுத்தது?"

"வாசிக்கத் தெரிஞ்சபடியால்தான் எடுத்தனீங்கள், ஐயா."

யாரோ சிரித்துவிட்டார்கள். மனேச்சரின் முகம் கறுத்தது. "ஒரு மணித்தியாலம் காணும். பிறகு உள்ள போய்ச் செத்த பேனைத் துடைக்கவேணும். ஏலாதவை வாசலால போகலாம். வேலை கேட்டு எத்தினை பேர் என்ர படலையில நிக்கினம் தெரியுமே?"

ஒரு மணித்தியாலம் கழித்துப் போனார்கள். விசிறி நின்ற அறை மூடிய பானைக்குள் இருப்பதுபோல் வெந்தது. மருந்தின் காரம் தொண்டையில் கீறிக்கொண்டு இறங்கியது. முகத்தில் கட்டியிருந்தது பழைய சேலைத் துண்டு. இரஞ்சிதத்துக்குத் தொய்வு, மழைக்குணம் கண்டாலே நெஞ்சு இழுக்கும். ஏழாம் வரிசையின் நடுவில் அவள் நிமிர்ந்து ராக்காயியைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை, காற்றும் போகவில்லை. செடிகளை அணைத்தபடி சரிந்தாள்.

"ஃபானைப் போடுங்கோடி!" ராக்காயி கத்தினாள். "கதவைத் திற!"

நாலு பேர் தூக்கி வந்தார்கள். யோகநாதன் யாரையும் கேட்காமல் வானை எடுத்தான். ராக்காயியின் மடியில் கிடந்த இரஞ்சிதத்தின் உதடு நாவற்பழ நிறமாகிக்கொண்டு வந்தது. ஆசுப்பத்திரியில் ஒட்சிசன் வைத்து, உயிர் தப்பும் என்று சொன்னபோதும் ராக்காயிக்கு மனம் ஆறவில்லை. நான் வைத்த பூ, நான் வைத்த பூ என்று நெஞ்சுக்குள் ஒன்று தட்டிக்கொண்டே இருந்தது.

மறுநாள் மத்தியானம் வாசற்படலையடிப் பாலைமரத்தின் கீழ் பெண்கள் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். ராஜினி பிரிக்கவில்லை. அவள் கையில் மனேச்சர் கொடுத்த ஒரு கடதாசி இருந்தது.

"செம்பேனைக் கொண்டுவந்தது நானாம். இரஞ்சிதமக்கா விழுந்ததும் என்ர கவனக்குறைவாலயாம். கையெழுத்து வைச்சால் வேலை மட்டும்தான் போகுமாம். வைக்காட்டி, வேணுமெண்டு நாசம் செய்தனான் எண்டு பொலிஸுக்குக் குடுப்பினமாம். மூண்டு மணிக்குள்ள சொல்லட்டாம்."

ராக்காயி கையிலிருந்த கவளத்தைத் திரும்ப வைத்தாள். இடுப்பிலிருந்து சின்னப் பையை எடுத்து அவிழ்த்தாள். உள்ளே காய்ந்து சுருங்கிய செவ்வந்தி. எறிய மனமில்லாமல் இவ்வளவு நாளும் கட்டிக்கொண்டு திரிந்தது.

"வைக்காத புள்ள. உன்ர கத்தரி இல்லை. நான்தான். பொங்கலண்டு தொப்பிக்குள்ள இதை வைச்சுக்கொண்டு போனனான்."

ராஜினி பூவைப் பார்த்தாள். பிறகு ராக்காயியைப் பார்த்தாள்.

"அண்டைக்கு நான் வரிசையில நிண்டு பேச்சு வாங்கேக்கயே உங்களுக்கு இது தெரியுமோ?"

"தெரியும்."

"அதுதான் ஒவ்வொரு நாளும் என்ர வரிசையைத் துடைச்சனீங்கள். எவ்வளவு நல்ல மனுசியெண்டு நான் நினைச்சனான்." அவள் குரல் உடைந்தது. "இலையைத் துடைச்சியள். என்ர பேரை ஆர் துடைக்கிறது?"

ராக்காயி எழுந்தாள். கந்தோர்ப் பக்கம் நாலடி வைத்தவளைக் கிருசாந்தி ஓடிப்போய்க் கையில் பிடித்தாள்.

"எங்க போறியள்?"

"போய் அந்தக் கடதாசியில என்ர பேரைப் போடுறன்."

"போடுங்கோ. அவருக்கு நல்ல சந்தோசம். அவருக்குத் தேவை ஒரு பேர். ராஜினி எண்டால் என்ன, ராக்காயி எண்டால் என்ன? பூ பிழைதான் அக்கா, இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா குளிக்கிற அறையைப் பூட்டினது ஆர்? நல்ல பேனை வெயிலில போட்டு அவிச்சது ஆர்? ஃபானை நிப்பாட்டினது உங்கட பூவோ?"

"நானும் மாட்டுக்கொட்டிலில இருந்து நேரதானே வாறனான்," என்றாள் ஒருத்தி மெதுவாக. "எங்க நிண்டு கழுவுறது? ரோட்டிலயோ?"

எல்லோரும் ராஜினியைப் பார்த்தார்கள். அவள் கண்ணைத் துடைத்து, கடதாசியை நாலாக மடித்தாள்.

"எனக்கு ராக்காயியக்காவில கோவம். அது லேசில போகாது. ஆனா அது எங்களுக்குள்ள இருக்கிற கோவம். அதைத் தூக்கி அந்த மனுசன்ர கையில குடுக்கமாட்டன்." மடித்த கடதாசியை நீட்டினாள். "கிருசாந்தி, இதின்ர பின்பக்கம் வெறுமையாக் கிடக்குது. எழுது."

மூன்று மணிக்கு, இரஞ்சிதம் தவிர, முப்பத்தொன்பது பேரும் கந்தோர் வாசலில் நின்றார்கள். கதிர்காமநாதன் கதவைத் திறந்தார்.

"என்ன இது, தேர்த் திருவிழாவோ?"

ராக்காயி முன்னுக்கு வந்தாள். "பூவைத் தொப்பிக்குள்ள வைச்சுக்கொண்டு போனது நான் ஐயா. ராஜினியில ஒரு பிழையும் இல்லை. அண்டைக்கே சொல்லியிருக்கவேணும், சொல்லேல்லை. அது என்ர பங்கு. அதை நான் எடுத்திட்டன். இனி உங்கட பங்கை நீங்கள் எடுங்கோ."

"என்ர பங்கோ?"

"பூட்டின அறை. செத்த பேன். நிப்பாட்டின ஃபான். ஆசுப்பத்திரியில கிடக்கிற இரஞ்சிதம்."

"தோட்டக்காட்டாரைச் சேர்க்காதையுங்கோ எண்டு அப்பவே சொன்னவங்கள். நான்தான் பாவம் பாத்தது."

"ஓம் ஐயா, தோட்டத்துச் சனந்தான். இலையை அடிப்பக்கம் புரட்டிப் பாக்கத் தெரிஞ்ச சனம்."

கிருசாந்தி வாசித்தாள். குளிக்கும் அறையைத் திறக்கவேண்டும். மாஸ்க் தரவேண்டும். மருந்து அடித்தால் போத்தலில் போட்ட நேரம்வரை யாரும் உள்ளே போகமாட்டார்கள். இரஞ்சிதத்தின் வைத்தியம் கொம்பனியின் பொறுப்பு. ராஜினியிலும் ராக்காயியிலும் கை வைக்கக்கூடாது.

ராக்காயி தன் பெயரைக் கேட்டுத் திடுக்கிட்டாள். அதை எழுதச் சொன்னது யாரென்று திரும்பிப் பார்த்தாள். ராஜினி வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எல்லாரையும் நிப்பாட்டிப்போட்டு நாளைக்கே வேற ஆக்களை எடுப்பன்!"

"எடுங்கோ," என்றாள் ராஜினி. "அவை பழகிறவரைக்கும் செம்பேன் பாத்துக்கொண்டு இருக்குமோ எண்டும் கேட்டுப் பாருங்கோ."

வெள்ளிக்கிழமை விடிய மனேச்சர் படலையைத் திறக்கவிடவில்லை. பெண்கள் பாலைமரத்தின் கீழே சாக்கு விரித்து இருந்தார்கள். பொலிஸ் ஜீப் ஒன்று மெதுவாக வந்து, பார்த்து, மெதுவாகப் போனது. என்ன நடக்கும் என்று யாருக்கும் தெரியாது. யோகநாதன் வானை வேலியோரம் நிறுத்திவிட்டு, "எனக்கும் தொண்டை கரகரக்குது. இண்டைக்கு ஓடேலாது" என்று சாக்கின் ஓரத்தில் குந்தினான்.

ராக்காயி எல்லோருக்கும் தள்ளி, தனியே இருந்தாள். ராஜினி சைக்கிளைச் சாத்திவிட்டு அவளிடம் வந்தாள். கையில் ஒரு செவ்வந்தி. கத்தரிப் பாத்திக் கரையில் பூத்தது. வேலைக்கென்று கொடுத்த சின்னப் பூதக்கண்ணாடியைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து, இதழ்களை விலக்கிப் பார்த்தாள்.

"உள்ளுக்கு ரெண்டு செம்பேனார் நடக்கினம்."

"ஐயோ, எறி புள்ள."

"ஏன் எறிய? வெளியிலதானே இருக்கிறம்." வாயால் ஊதினாள். "கோவம் போகேல்லை, விளங்குதோ?"

"தெரியும்."

"திரும்புங்கோ."

ராக்காயி தலையைக் குனிந்து கொடுத்தாள். ராஜினியின் விரல்கள் கொண்டையில் பட்டு, பூவைச் செருகி, ஒருமுறை அழுத்திவிட்டு எடுபட்டன. அதன்மேல் மூடத் தொப்பி இல்லை.

தூரத்தில் மனேச்சரின் கார் தூசி கிளப்பிக்கொண்டு வந்தது. எல்லோரும் எழும்பினார்கள். ராக்காயியின் இடுப்புத்தான் வழக்கம்போல மறுத்தது. ராஜினி முகத்தை மறுபக்கம் திருப்பியபடியே கையை நீட்டினாள். ராக்காயி அதைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.