பதினேழு இடங்கள்

குதிரைகளுக்குப் பெயர் இருந்தது. பறக்கும் நாகங்களுக்கு இருந்தது; தளபதியின் வாளுக்குக்கூட இருந்தது. எந்த நாவலானாலும் பெயர்ப் பட்டியல் ஒன்று போட்டுக்கொண்டுதான் மெய்ப்புத் திருத்த உட்காருவாள் அவள். இந்த மூன்றாம் பாகத்தில் பேரரசின் படை மலைநாட்டைப் பிடிக்கிறது. படையின் பக்கம் இருநூற்றுப் பதினோரு பெயர்கள். மலைநாட்டின் பக்கம் மூன்றே வரி: கூட்டம், ஒருவன், கிழவி.

“எங்கப்பா எனக்குப் பேர் வைக்கக்கூட இவ்வளவு யோசிச்சிருக்க மாட்டாருக்கா,” என்றான் பக்கம் வடிவமைக்கிறவன், குதிரைகளின் வரிசையைப் பார்த்து.

எழுத்தாளரைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். “சார், அந்தக் கிழவிக்கு ஒரு பேர் வைக்கலாமா?”

“தாராளமா. நீங்களே வச்சிடுங்கம்மா.”

யோசிக்க ஒன்றுமில்லை, உடனே சொன்னாள். அவளுடைய ஆறாவது வயதில், அவர்கள் மலையில் நிஜமான சிப்பாய்கள் ஏறிய காலையில், “நீங்க முன்னாடி போங்க, பூட்டிட்டு வந்துடறேன்” என்று வீட்டுக்குள் திரும்பிய அத்தை வரவேயில்லை. செத்தவர்களை யாரும் எழுதி வைக்கவில்லை. அப்பாவும் போய்விட்ட பிறகு அந்தப் பெயரைச் சொல்ல அவளைத் தவிர ஆளில்லை. அச்சில் ஏறிவிட்டால் எங்காவது ஒரு அலமாரியில் கிடக்கும். பதினேழு இடங்களில் ‘கிழவி’யைச் சிவப்பு மையால் அடித்து, ஓரத்தில் அத்தையின் பெயரை எழுதினாள்.

பாக்கியிருந்த கடைசி அத்தியாயத்தை மூன்று மணிக்கு எழுத்தாளரே கையோடு கொண்டுவந்தார். நல்ல மனிதர், ஒருமுறை அவளுடைய மூக்குக்கண்ணாடியின் உடைந்த காலைத் தானே ஒட்டிக் கொடுத்தவர்.

“பேரு பிரமாதம்மா! முடிவையே மாத்திட்டேன். வீட்டைக் கொளுத்தச் சொன்ன தளபதியே அந்தப் பேரைச் சொல்லி அழறான். படிக்கிறவங்க அவனை மன்னிச்சிடுவாங்க பாருங்க.”

“அவ?”

“எவ?”

“கிழவி சார்.”

“உள்ளதானேம்மா இருக்கா. அவ சாகலேன்னா இவன் எப்படி அழுவான்?”

அவள் பேனாவை மூடினாள், திறந்தாள். “அந்தப் பேர் வேண்டாம் சார். பழையபடியே இருக்கட்டும்.”

“ஏம்மா?”

“வாயில நுழையல.”

அவர் ஒருமுறை முணுமுணுத்துப் பார்த்தார். “அதுவும் சரிதான்,” என்று கிளம்பிப் போனார்.

அடித்த சொல்லுக்குக் கீழே புள்ளிகள் வைத்தால், அது இருந்தபடியே இருக்க வேண்டும் என்று பொருள். ‘கிழவி’க்குக் கீழே புள்ளிகள் வைத்தாள், ஓரத்தில் இருந்த அத்தையை அடித்தாள். அடுத்த பக்கம். அதற்கடுத்தது.

நான்கு மணிக்கு அச்சகத்திலிருந்து வண்டி வந்துவிட்டது.

“அக்கா, நூத்திநாலாம் பக்கத்துல மட்டும் பேர் நிக்குதே. விட்டுட்டீங்களா?” என்றான் பக்கம் வடிவமைக்கிறவன்.

இருபது வருடத்தில் அவள் ஒன்றையும் விட்டதில்லை. தாளை வாங்கிப் பார்த்தாள், பேனாவைத் தொடவில்லை. படை வருவதற்கு முந்தின நாள். அத்தை ஈரத்துணியின் இரண்டு முனைகளையும் பிடித்து உதறிக்கொண்டிருந்தாள். நீர்த்துளிகள் வெயிலில் சிதறின. மலைப்பாதையில் இன்னும் யாரும் ஏறவில்லை.