விரிப்பின் எதிர்முனை

பெரிய படுக்கை விரிப்பை ஒருத்தியால் மடிக்க முடியாது. ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்து உதறி, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து மூலைகளைச் சேர்க்க வேண்டும். ஹோட்டலின் சலவைக்கூடத்தில் எட்டு வருடமாக என் விரிப்பின் எதிர்முனையைப் பிடித்திருப்பவள் என் ஓரகத்தி. வீட்டிலும் அக்கா, வேலையிலும் அக்கா. அவள் பேசுவாள், நான் மடிப்பேன் என்பார்கள் மற்றவர்கள்.

வரவேற்பு மேசையில் ஓர் இடம் காலியானது. உள்ளே வேலை செய்பவர்களும் விண்ணப்பிக்கலாம், ஆனால் நேர்காணல் ஆங்கிலத்தில் என்றார் மேலாளர் அம்மா. இருவருமே விண்ணப்பித்தோம்.

"யாருக்குக் கிடைச்சாலும் நம்ம வீட்டுக்குத்தானே வருது" என்றாள் அக்கா.

அவளுக்கு அப்படி. எனக்கு அந்த இடம் வேண்டியிருந்தது. யார் யாரோ படுத்து எழுந்த விரிப்புகளை இத்தனை காலம் மடித்திருக்கிறேன். ஒருவர் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. எங்கள் கூடத்துக்கு ஜன்னலும் கிடையாது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அக்காவின் கைப்பேசிக்குத் தினமும் காலையில் கடினமான ஆங்கிலச் சொல் ஒன்று, பொருளோடு வந்துவிடும். மூலைகளைச் சேர்க்க நெருங்கி வரும்போது அவள் அதைச் சொல்வாள். அடுத்த விரிப்பை எடுப்பதற்குள் ஆளுக்கொரு வாக்கியம் அமைக்க வேண்டும். கண்ணெதிரே இருப்பது ஒரே ஆள் என்பதால் எங்கள் வாக்கியங்கள் எல்லாமே எதிரில் நிற்பவளைப் பற்றியே அமைந்தன.

லோக்வேஷியஸ் வந்தது. ஓயாமல் பேசுகிற என்று பொருள். "யூ ஆர் லோக்வேஷியஸ்" என்றேன்.

"நாள் பூரா வாயைத் திறக்காம இருந்து, திறந்தா இதைத்தான் சொல்லுவியா?"

மறுநாள் டாசிடர்ன், அதாவது பேச்சே இல்லாத. அக்கா அதற்காகவே காத்திருந்தவள் போல, "யூ ஆர் டாசிடர்ன். என் கொழுந்தன் குடுத்து வச்சவன்" என்றாள்.

மெட்டிகுலஸ் வந்த அன்று, "அளவுகோலை முழுங்கினவ மாதிரி மடிக்கிறியே, அதான் இது" என்றாள். ஆப்ஸ்டினேட்டுக்கு, "பிடிவாதமாம். இதுக்கு வாக்கியமே வேணாம், உன் மூஞ்சியைக் காட்டினாப் போதும்."

நேர்காணலுக்கு அக்காதான் முதலில் போனாள். கதவுக்கு வெளியே சிரிப்புச் சத்தம் கேட்டது. வெகுநேரம் கழித்து நெற்றியைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"என்னக்கா கேட்டாங்க?"

"உங்களைப் பத்திச் சொல்லுங்கன்னாங்க. என்னைப் பத்தி எனக்கு என்னடி தெரியும்? மனப்பாடமா இருந்ததெல்லாம் உன்னைப் பத்தினதுதான். 'யூ'வை எடுத்துட்டு 'ஐ'யைப் போட்டேன்."

"எல்லாத்துலயுமா?"

"எல்லாத்துலயும்தான். நான் டாசிடர்ன், வாயைத் திறக்கவே மாட்டேன்னு விடாம எடுத்துச் சொன்னேன். சிரிச்சாங்க. நல்ல பொம்பளை."

அடுத்து என்னை அழைத்தார்கள். அதே கேள்வி. என்னிடம் தயாராக இருந்த வாக்கியங்கள் எல்லாம் அக்காவைப் பற்றியவை. அவற்றில் ஒன்றுகூட என் அளவுக்குச் சரியாக இல்லை. நான் பேசாமல் இருந்தேன். மேலாளர் அம்மா பேனாவை மூடிவைத்தார்.

"உங்களுக்கு முன்னால் வந்தவர் தன்னை டாசிடர்ன் என்றார். கூடவே வேலை செய்கிறீர்கள். அது உண்மையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

சலவைக்கூடத்தில் அவளை லோக்வேஷியஸ் என்றால் கேலி. இந்த அறையில் அதே சொல் அவளைத் தள்ளிவிடும். ஆமாம் என்று தலையாட்டினால் பொய், அதோடு எனக்கு வேண்டிய இடமும் அவளுக்குப் போய்விடும். கொஞ்ச நேரம் தேடினேன். நாங்கள் பழகாத சொல் ஒன்று கிடைத்தது.

"அவங்க எலக்வன்ட். நல்லாப் பேசுவாங்க. டாசிடர்ன் நான்தான்" என்றேன் ஆங்கிலத்தில்.

அதற்குமேல் பெரிய சொற்கள் தீர்ந்துபோயின. மிச்சத்தைச் சின்னச் சொற்களிலேயே சொன்னேன். இங்கே வந்து தங்குகிறவர்களின் விரிப்பை மடிக்கிறேன். அவர்களை எனக்குத் தெரியாது. அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

அடுத்த வாரம் அந்த இடம் எனக்குக் கிடைத்தது. "இந்த மேசைக்கு வர்றவங்கள்ல பாதிப் பேரு கத்தறதுக்குத்தான் வர்றாங்க. அவங்க கத்தி முடிக்கிற வரைக்கும் சும்மா இருக்க ஒரு ஆள் வேணும்" என்றார் மேலாளர் அம்மா.

அன்று மாலைவரை அக்கா ஒரு வார்த்தையும் பேசவில்லை. மூலைகளைச் சேர்த்தாள், விலகினாள், விரிப்பை வெடுக்கென்று இழுத்தாள். மௌனம் எனக்குப் பழகிய வீடு. அவளுடைய மௌனத்தில் மட்டும் எனக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை. கடைசி விரிப்பில்தான் வாயைத் திறந்தாள்.

"என்னைப் பத்தி அந்தம்மா கேட்டாங்களா?"

"கேட்டாங்க. எலக்வன்ட்னு சொன்னேன்."

"அது எப்ப வந்துச்சு?"

"உங்க போனுக்கு இன்னும் வரலக்கா. நானாத் தேடினது."

"நல்ல வார்த்தைதானே?"

"நல்ல வார்த்தைதான். அழகாப் பேசறவங்கன்னு அர்த்தம்."

"அப்புறம் ஏன்டி உனக்குக் குடுத்தாங்க?"

நான் விரிப்பின் ஓரத்தை நீவிவிட்டேன். "பாரு, இதுக்கும் டாசிடர்ன்" என்று சொல்லி, மடித்த விரிப்பை என் கையில் வைத்து அழுத்தினாள். கொஞ்சம் பலமாகவே அழுத்தினாள்.

புது வேலையின் முதல் காலை. வரவேற்பு மேசையின் உள்தொலைபேசி ஒலித்தது. சலவைக்கூடத்திலிருந்து அக்கா.

"முந்நூத்தி ஆறு காலி பண்ணிட்டானா?"

"எதிர்லதான் நிக்கிறார்."

"விரிப்பு பூராவும் காப்பிக் கறைடி. தலகாணியிலகூட. ஆளு எப்படி இருக்கான்?"

அவருக்கு நம் மொழி தெரியாது என்று நம்பி, நிமிர்ந்து அவர் முகத்தை நிதானமாகப் பார்த்தேன்.

"குளிச்சு, தலைவாரி, ரொம்ப நல்லவர் மாதிரி இருக்கார்க்கா."

"இருப்பான், இருப்பான்" என்றாள் அக்கா. "சரி, நானூத்தி ரெண்டு எப்ப வர்றான்? போனை வச்சிடாதே."