நடக்காத கூட்டத்தில் தைலம்மாள் பேசியது

1.

இந்தக் கதை எனக்குத் தோன்றிய இடம், கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஓர் ஆடிட்டர் ஆபீஸின் மாடிப்படி. தோன்றியது என்று மரியாதைக்குச் சொல்கிறேன். வந்தது கோபம். கோபம் வந்தால் எனக்குச் செய்யத் தெரிந்த காரியம் இரண்டு: கல்லூரிச் சுவரில் கேலி எழுதி ஒட்டுவது, அதைக் கிழித்துப்போட்ட துறைத்தலைவரைப் பற்றி இன்னொன்று எழுதி ஒட்டுவது. இந்தக் கோபத்துக்கு ஒரு சுவர் போதவில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

கல்வராயன் மலையின் பனிமூட்டத்துக்கு நடுவே, கண்ணீர் மல்க, தைலம்மாள்

இதற்கு மேல் மணிமொழி படிக்கவில்லை. என்னோடு பி.காம். மூன்றாம் ஆண்டு படிப்பவள். தைலம்மாளின் மகள்.

"பனிமூட்டமாம். எலவனாசூர்கோட்டைலேர்ந்து டூர் வந்தவன் மாதிரியே எழுதற. எங்கம்மா எப்படா அழுதாங்க?"

"கதைக்குக் கொஞ்சம்..."

"அந்த ஆபீஸ்ல அழுதது நீதான்டா. பிரிண்டர் பக்கம் திரும்பிக்கினு."

[ஏ.சி. காற்று கண்ணில் பட்டது. இதை வாசகர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.]

2.

சரி, சட்டத்திலிருந்து தொடங்குகிறேன். அதில் பனிமூட்டம் கிடையாது.

சட்டத்தின் கண்ணில் கம்பெனி என்பது ஓர் ஆள். அது பிறக்கும், சொத்து வாங்கும், வழக்குப் போடும், சாகும். வாயும் கையும் மட்டும் கிடையாது. அதற்காகத்தான் இயக்குநர்கள். சில வருஷங்களுக்கு முன்பு வெள்ளிமலைப் பக்கத்து விவசாயிகள் சேர்ந்து ஓர் உழவர் உற்பத்தியாளர் கம்பெனி தொடங்கினார்கள். சாமையை உமியோடு வியாபாரிக்குக் கொட்டுவதை விட்டு, தாங்களே உடைத்து அரிசியாக விற்பது திட்டம். ஆளுக்குக் கொஞ்சம் பங்குப் பணம் போட்டார்கள். தைலம்மாளைத் தலைவராக்கினார்கள். அவர் யாரிடமும் பேசத் தயங்காதவர் என்பதுதான் தகுதி.

ஷெட் வந்தது. சாமை உடைக்கும் மிஷின் வந்தது. அதை ஓட்டுவதற்கான த்ரீ பேஸ் கரண்ட் லைன் வரவில்லை. அரசுத் திட்டத்தில் சம்பளம் வந்தவரை ஒரு நிர்வாக அதிகாரி இருந்தார். சம்பளம் நின்ற மாதம் அவரும் நின்றுவிட்டார். வருஷத்துக்கு ஒருமுறை பொதுக்கூட்டம் நடத்தி, கணக்கையும் ஆண்டறிக்கையையும் கம்பெனிப் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும் என்பதை அவர் யாரிடமும் சொல்லிவிட்டுப் போகவில்லை.

இரண்டு வருஷம் எதுவும் போகவில்லை.

(அடிக்குறிப்பு. கீழே போட்டால் யாரும் படிப்பதில்லை என்பதால் இங்கேயே: மூன்றாவது வருஷமும் தொடர்ந்து தவறினால் இயக்குநர்கள் ஐந்து வருஷத்துக்கு எந்தக் கம்பெனியிலும் இயக்குநராக முடியாது. கம்பெனியின் பெயரைப் பதிவேட்டிலிருந்தே எடுத்துவிடவும் வழி உண்டு. எடுத்துவிட்டால் அந்த ஷெட்டும் மிஷினும் மலைக்காரர்கள் கையில் இருக்காது. சட்டம் தெரியாது என்பதைச் சட்டம் காரணமாக ஏற்பதில்லை. அந்தச் சட்டத்தை ஆங்கிலத்தில் எழுதி, படிவத்தை இணையத்தில் வைத்து, இணையத்தை மலைக்குக் கீழே வைத்திருக்கிறார்கள் என்பதையும் அது காரணமாக ஏற்பதில்லை.)

3.

மூன்றாவது வருஷக் கெடு நெருங்கியபோது ஆடிட்டர் ஆபீஸிலிருந்து பிரவீன்குமார் போன் செய்தார். கம்பெனியின் ஃபைலைப் பார்ப்பவர் அவர். எல்லாவற்றையும் சரிபண்ணி இரண்டே நாளில் அனுப்பிவிடலாம் என்றார்.

"கையெழுத்து போட வரணுமா தம்பி?" என்று கேட்டார் தைலம்மாள்.

"வேணாம்மா. உங்க கையெழுத்து எங்ககிட்டதான இருக்கு."

பிரவீன்குமார் இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. தைலம்மாள் அறுப்பை அப்படியே போட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் இறங்கி வந்தார். கல்லூரியிலிருந்து மணிமொழியும் நானும் சேர்ந்துகொண்டோம்.

பிரவீன்குமார் மேஜை டிராயரை இழுத்தார். உள்ளே பென்டிரைவ் மாதிரி சின்னச் சின்னதாக எத்தனையோ. ஒவ்வொன்றிலும் ரப்பர் பேண்டு, ஒரு பெயர்ச்சீட்டு. மாவட்டத்துக் கம்பெனித் தலைவர்கள் பலருடைய டிஜிட்டல் கையெழுத்து ஒரே டிராயரில், ஒரு ஸ்டேப்ளருக்குப் பக்கத்தில் படுத்திருந்தது. "இதுதாம்மா நீங்க. போன வருஷம் ஆள் வந்து பேர் சொல்லச் சொல்லி வீடியோ எடுத்தாங்களே, இதுக்குத்தான்."

"அது இன்சூரன்சுன்னு இல்ல சொன்னான்!"

"அப்டியா சொன்னான்?" என்றார் பிரவீன்குமார். உண்மையாகவே வருத்தப்பட்டார்.

4.

[விடப்பட்டது. கம்பெனிச் சட்டத்திலும் இப்படி விடப்பட்ட பிரிவுகள் உண்டு. இந்தப் பகுதியில் பிரவீன்குமாரின் வேலைச்சுமை, அவர் பார்க்கும் ஃபைல்கள், அவருடைய முதுகுவலி ஆகியவற்றைப் பற்றி எழுதியிருந்தேன். படித்தால் நீங்கள் அவரை மன்னித்துவிடுவீர்கள். எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.]

5.

"அனுப்பப் போறதுல இன்னா எழுதியிருக்குன்னு படி," என்றார் தைலம்மாள்.

"பொதுக்கூட்டத்தோட மினிட்ஸ்மா, நடவடிக்கைக் குறிப்பு. இங்கிலீஷ்ல இருக்கு."

"நான் தமிழ்ல கேக்கறேன்."

பிரவீன்குமார் திரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே போனார். "தலைவர் திருமதி தைலம்மாள் உறுப்பினர்களை வரவேற்றார். கோரம், அதாவது வேண்டிய அளவு ஆள், இருந்தது. கணக்கு ஏகமனதா ஏத்துக்கப்பட்டது. தலைவருக்கு நன்றி சொல்லிக் கூட்டம் முடிஞ்சுது."

"அடுத்த வருசம்?"

"அதேதாம்மா. தேதி மட்டும் மாறும்."

[இங்கே தைலம்மாளை "பொய்!" என்று கத்தி மேஜையைக் குத்த வைத்திருந்தேன். மணிமொழி அந்த வரியை அடித்துவிட்டாள். "பொய்யின்னு ஆபீஸ்காரங்களுக்கும் தெரியும், எங்கம்மாவுக்கும் தெரியும். அத்த எதுக்குடா கத்தணும்?"]

தைலம்மாள் கத்தவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அந்தக் கூட்டத்துல நான் இன்னா பேசனேன்?"

"வரவேற்றீங்க."

"அப்பறம்?"

"அப்பறம்... நன்றிய ஏத்துக்கினீங்க."

"மிஷின் ஏன் ஓடலன்னு கேக்கல?"

"அதெல்லாம் மினிட்ஸ்ல வராதும்மா."

"லைன் வாங்கித் தரேன்னு போனவன் எங்கன்னு கேக்கல? மறுபடியும் அந்த ஏவாரிகிட்டயே மூட்டையத் தூக்கிக்கினு நிக்கறோமே, அத்த கேக்கல? பங்குப் பணம் போட்டவன் ஒருத்தன்கூட எழுந்து, 'ஏ தைலம்மா, எம் பணம் இன்னாச்சு'ன்னு என்னக் கேக்கல?"

"இல்லம்மா. ஏகமனதா..."

"ஏகமனதா! எங்கூர்ல நாலு பேரு டீ குடிக்கவே ஏகமனதாப் போனதில்ல. இந்தப் பொம்பள யாரு தம்பி? வாங்கன்னு சொல்லிட்டு வாய மூடிக்கினு ஒக்காந்துக்கினு இருக்கா. இவளப் போயி யாரு தலைவராப் போட்டது?"

கதை எழுதுகிறவன் என்ற முறையில் நான் பயந்துபோனேன். எழுதப்பட்ட ஆள், எழுதியவரின் மேஜைக்கு முன்னால் வந்து உட்கார்ந்து, தனக்குக் கொடுத்த வசனத்தைத் தூக்கி எறிவதை அன்றுதான் பார்த்தேன். ஆனால் பதிவேட்டுக்கு வேண்டியது அந்த வாய் மூடிய பெண்தான். வரவேற்பாள். நன்றி பெறுவாள். மூன்று வருஷமும் ஒரே மாதிரி இருப்பாள். அவள் இருந்தால் கம்பெனி பிழைக்கும். உண்மையான தைலம்மாள் இருந்தால் கம்பெனிக்கு ஆபத்து.

(எனக்கு அழுகை வந்தது இங்கேதான். ஏ.சி. அவ்வளவு வேகம்.)

6.

முடிவுகள்.

(அ) தைலம்மாள் சம்மதிக்கிறார். ஃபைல் போகிறது. மிஷின் மலையிலேயே இருக்கிறது, ஓடாமல்.

(ஆ) தைலம்மாள் அந்தக் கையெழுத்துக் கருவியைக் காலடியில் போட்டு நசுக்க, மலை மக்களின் விடுதலை

"போடா," என்றாள் மணிமொழி. "நசுக்கினா வேற ஒண்ணு வாங்கிப்பாங்க."

நடந்ததைச் சொல்கிறேன். நடக்காததை நடக்கவில்லை என்றே எழுதினால் என்ன ஆகும் என்று தைலம்மாள் கேட்டார். கம்பெனிக்கும் அபராதம், இயக்குநர்களுக்கும் தனித்தனியாக அபராதம் என்றார் பிரவீன்குமார். நடந்ததாகப் பொய் எழுதி மாட்டினால் ஜெயில் வரைக்கும் போகலாம் என்று மணிமொழி பாடப்புத்தகத்திலிருந்து சொன்னாள்.

"யாருக்கு? இந்தத் தம்பிக்கா?"

"கையெழுத்து யாரோடதோ அவங்களுக்குத்தாம்மா," என்றாள் மணிமொழி.

பிரவீன்குமார் டிராயரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங் கையெழுத்தக் குடு," என்றார் தைலம்மாள். வாங்கி, பெயர்ச்சீட்டை உரித்துவிட்டு, பர்ஸில் வைத்து ஜிப்பை இழுத்தார். "இப்பவே நோட்டீசு அடி. தமிழ்ல. கூட்டத்தக் கூட்டறேன். லேட்டுன்னா லேட்டுன்னு எழுது. அதுக்கப்பறம் நானே வந்து போடறேன்."

"அம்மா, பதினாலு நாள் முன்னாடி நோட்டீஸ் தரணும். உறுப்பினருங்கள்ல நாலுல ஒரு பங்கு வரணும். அறுப்பு நேரம். யாரும் வரலன்னா மொத்தமும் போச்சு. வந்தாலும்..." அவர் கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார். "பணம் எங்கன்னு உங்களத்தான் சட்டையப் புடிப்பாங்க. நான் எழுதனதுல உங்கள யாரும் ஒரு வார்த்த கேக்கல."

"அதான் சொல்றேன். கேக்கட்டும்."

7.

அந்தக் கூட்டம் நாளை மறுநாள், வியாழக்கிழமை, வெள்ளிமலையில், ஓடாத மிஷினுக்குப் பக்கத்தில். நோட்டீஸை வீடு வீடாகக் கொடுத்தாகிவிட்டது. வாங்கியவர்களில் சிலர் வருகிறேன் என்றார்களாம். சிலர் கதவுக்குள் இருந்தே, "பணத்தக் கொண்டாந்து வெச்சிட்டுக் கூட்டம் போடு" என்றார்களாம்.

வியாழக்கிழமையையும் சேர்த்து இந்தக் கதையை நேற்றே முடித்திருந்தேன். வெள்ளிமலையே திரண்டது, தைலம்மாளின் குரல் மலை முகட்டில் மோதி

"டேய் ஆகாஷ்," என்றாள் மணிமொழி. "இன்னும் நடக்கவே இல்லடா."

நான் அந்தப் பக்கத்தைப் படித்துப் பார்த்தேன். அதில் கோரம் இருந்தது. எல்லோரும் ஏகமனதாகக் கை தட்டினார்கள். தேதிகூடச் சரியாகப் போட்டிருந்தேன்.

அதைக் கிழித்துவிட்டேன். எத்தனை பேர் வருவார்கள், அவரை என்ன கேட்பார்கள், அவர் என்ன பதில் சொல்வார், கம்பெனி பிழைக்குமா, எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. ஆகவே கீழே விட்டிருக்கும் இடத்தை நீங்களும் நிரப்பாதீர்கள். முடிவு வேண்டும் என்பவர்களுக்கு வியாழக்கிழமை காலையில் கச்சிராயபாளையம் வழியாக பஸ் இருக்கிறது. நீங்கள் உறுப்பினர் இல்லை. ஓட்டுப் போட முடியாது. கோரத்திலும் சேர மாட்டீர்கள். ஓரமாக நின்று கேட்கலாம்.

தலைவர் பேசியது: